நடு வரிசையில் அண்ணி

எங்க அண்ணி சண்டை போட மாட்டாங்க. குரலை உயர்த்த மாட்டாங்க. ஒக்காந்துருவாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நீங்க கத்தினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி, அவங்களா மனசு வச்சாத்தான் எந்திரிப்பாங்க. என் வாழ்க்கையில பாதி, அந்த மனுஷி எப்ப எந்திரிப்பாங்கன்னு காத்துக்கிட்டு நின்னதுலயே போச்சு.

மூத்த அண்ணனோட சம்சாரம். நாங்க மூணு பேரு அண்ணன் தம்பி, நான் கடைசி. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுல அவங்க வீட்டுலதான் எனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் இருந்தேன். காலையில "தம்பி"ன்னு கூப்பிட்டா காப்பி வருதுன்னு அர்த்தம். சாயங்காலம் "தம்பி, சும்மாத்தானே இருக்க"ன்னு கூப்பிட்டா என் தலையில ஏதோ இறங்கப் போகுதுன்னு அர்த்தம். அவங்க போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. பேரு வேணாம். தாமான்ல, அதான் எங்க குடியிருப்புல, சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் எல்லாரும் அண்ணின்னுதான் கூப்பிட்டாங்க, நீங்களும் அப்படியே வச்சுக்குங்க.

ஒரு தடவ அலமாரி வாங்கினாங்க. வீட்டுக்கு வந்து எறக்கிப் பாத்தா கதவுல நீளமா ஒரு கீறல். வேற ஆளா இருந்தா போன் போட்டு நாலு வார்த்தை கேப்பாங்க. இவங்க கடைக்குப் போயி, விக்கிறதுக்கு வச்சிருந்த சோபா ஒண்ணுல ஒக்காந்துட்டாங்க. கடை மொதலாளி தௌக்கே நல்ல மனுஷன். "பாலேக் லா, கக்"ன்னு கெஞ்சுறார், வீட்டுக்குப் போங்க, அடுத்த வாரம் ஆளனுப்புறேங்கிறார். அண்ணி சிரிச்சுக்கிட்டே ஒக்காந்திருக்காங்க. கூட்டிட்டு வர்றதுக்கு நான் போனேன், வரல. திரும்பப் போனேன், கையில கச்சான் கடலைப் பொட்டலத்தோட ஒக்காந்திருக்காங்க. இதுக்கு நடுவுல கடைக்கு வந்த ஒரு மலாய்க்கார அம்மா அந்த சோபா எப்படின்னு கேட்டிருக்காங்க. "காலையிலேருந்து ஒக்காந்திருக்கேன், முதுகு வலிக்கல"ன்னு இவங்க சொல்ல, அந்தம்மா அதே சோபாவ வாங்கிட்டாங்க. அண்ணி நகந்து அடுத்த சோபாவுக்குப் போயிட்டாங்க. கடைசில கடைய மூடுறதுக்கு முன்னாடி தௌக்கேயே லோரியில ஏறி வந்து கதவ மாத்திக் கொடுத்துட்டுப் போனார்.

என் கல்யாணமும் அப்படித்தான். பொண்ணு வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்து வழி. மாமனார் அரசாங்கத்துல பெரிய கிளார்க்கா இருந்து பென்ஷன் வாங்கினவர். ரப்பர் தோட்டத்து ஆளு மகனுக்குப் பொண்ணு கொடுக்க அவருக்கு மனசு ஒப்பல. அத நேராச் சொல்லாம ஜாதகம், நட்சத்திரம்னு சுத்தி வளைச்சு சொல்லி அனுப்பினார். நான் விட்டுட்டேன், தலையெழுத்துன்னு. அண்ணி விடல. ஒரு ஞாயித்துக்கிழமை தனியாக் கெளம்பிப் போயி அவங்க ஹால்ல ஒக்காந்துட்டாங்க. மாமனார் குளிச்சார், சாப்புட்டார், தூங்கினார், எந்திரிச்சு வந்து பாத்தா அதே நாற்காலியில அதே சிரிப்பு. தேத்தண்ணி கொடுத்தா, "இருக்கட்டுங்க"ங்கிறாங்க. பொழுது சாயிறப்ப அந்த மனுஷன் உள்ள பாத்து, "இந்தப் பிள்ளை எழும்பிப் போறதுக்காவது ஓமெண்டு சொல்லித் தொலையுங்கோ"ன்னாராம். என் கல்யாணம் அப்படி நிச்சயமாச்சு. அந்தக் கதைய மாமனார் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறார், மானம் போகுது.

சரி, காடிக் கதைக்கு வாரேன், எங்க ஊர்ல காருக்குக் காடின்னுதான் பேரு. அதுதான் என் உயிர வாங்கின கதை.

அதுக்கு முன்னாடி அண்ணனுங்க சண்டையச் சொல்லணும். அப்பா செத்தப்ப கொள்ளி வச்சது பெரியண்ணன். மறுநாள் சாம்பலக் கரைக்க பாகான் டத்தோவுக்குப் போனோம். அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டின தோட்டம் அந்தப் பக்கம், அங்க உள்ள கடல்லதான் கரைக்கணும்னு அவரே சொல்லி வச்சிருந்தார். ரெண்டு காடி. முன்னாடி காடிய நான் ஓட்டினேன், பக்கத்துல சின்னண்ணன், அவர் மடியில சாம்பல் பானை. பின்னாடி காடியில பெரியண்ணனும் அண்ணியும். கொள்ளி வச்சவர்தான் பானையோட எங்க காடியில வந்திருக்கணும். ஆனா பெரியண்ணன் தன் காடிய தானேதான் ஓட்டுவேன்னு ஒரே அடம். ஓட்டுறவர் மடியில பானைய வைக்க முடியுமா?

எங்க காடி வெள்ளை. மலேசியாவுல வெள்ளைக் காடிக்கா பஞ்சம்? ஒரு முச்சந்தியில வேற ஏதோ வெள்ளைக் காடிய எங்க காடின்னு நெனச்சுக்கிட்டு பெரியண்ணன் அது பின்னாடியே போயிட்டார். "இது அவங்க இல்லீங்க, இது அவங்க இல்லீங்க"ன்னு அண்ணி சொல்லிக்கிட்டே போயிருக்காங்க. கேட்டாத்தானே! கடைசில ஊத்தான் மெலிந்தாங் பக்கம் யாரோ ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னிருக்கார். அங்க புள்ளைக்குப் பொறந்தநாள், பலூன் கட்டியிருக்கு. மொட்டைத் தலையோட வேட்டியும் துண்டுமா எறங்கின இவரப் பாத்து அந்த வீட்டுக்காரங்க பயந்துட்டாங்களாம். போன் சட்டையில, சட்டை காடிக்குப் பின்னாடி சாமான் வைக்கிற பூட்டுல. நாங்க அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போனோம்.

இங்க தண்ணி எறங்குது. இன்னும் கொஞ்ச நேரம் போனா சேத்துல சிக்கிக்குவேன்னு படகுக்காரன் நிக்கிறான். நான் படகு கட்டுற ஜெட்டியில நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். சின்னண்ணன் பானையோட படகுல ஏறிப் போயிட்டார். பெரியண்ணன் வந்து சேந்தப்ப படகு திரும்பிக் கரைக்கு வந்துருச்சு, பானை இல்ல. "முடிஞ்சிருச்சா?"ன்னு மட்டும் கேட்டார். அன்னிக்கு மூடின வாய்தான், சின்னண்ணன்கிட்ட திறக்கவே இல்ல. இவரும் "நானா வழி தெரியாமப் போனேன்?"னு முறுக்கிக்கிட்டார்.

நாலு வருஷம். தீபாவளிக்கு ஜெலாப்பாங்குலேருந்து சின்னண்ணன் குடும்பத்தோட, கல்யாணத்துக்கப்புறம் அதே தாமான்ல நான் தனியா இருந்த வீட்டுக்குக் காலையில வந்துட்டுப் போனா, பெரியண்ணன் சாயங்காலம் வருவார். கல்யாணத்துக்குப் போனா ஒருத்தர் மேடைப் பக்கம், இன்னொருத்தர் சாப்பாட்டுப் பக்கம். அவர் காடி நிக்கிற இடத்துல இவர் காடிய நிப்பாட்ட மாட்டார், சுத்திக்கிட்டு வருவார். ரெண்டும் நரைச்ச தலை! வெக்கமா இல்ல? நான் கேட்டேன், ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேரோட சம்சாரமும் தினம் போன்ல பேசிக்குவாங்க. அவங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல.

அந்தப் பேச்சிலதான் அண்ணி ஏதோ முடிவு பண்ணியிருக்கணும். ஒரு சாயங்காலம், "தம்பி, சும்மாத்தானே இருக்க"ன்னாங்க.

"ரெண்டு காடியில போனதாலதான்பா இந்த வினை. இனிமே நம்ம குடும்பம் எங்க போனாலும் ஒரே காடியில போகணும். பெருசா ஒரு காடி பாரு."

சாமி குத்தம் மாதிரி ஏதோ மனசுல வச்சுக்கிட்டு சொல்றாங்கன்னு நெனச்சேன். பெரியண்ணன் சரின்னுட்டார். "எண்ணெ கம்மியாக் குடிக்கணும், அவ்வளவுதான் என் கண்டிஷன். மத்தது ஒங்க அண்ணி பாடு"ன்னார். பெட்ரோல் எண்ணெ கம்மின்னா ஹைபிரிட். பெரிய வேன் எங்க தாமான் சந்துல திரும்பாது. அதனால ஜப்பான்லேருந்து கப்பல்ல வர்ற சின்ன வேன் ரெண்டுல ஒண்ணு, சியந்தா இல்ல ஃப்ரீட். ஜப்பான்ல கொஞ்ச நாள் ஓடின காடிங்க, ரிகோண்ட்னு சொல்லுவோம். பெட்டரியும் இருக்கு, எண்ணெயும் இருக்கு, ரெண்டு பக்கமும் தானா வழுக்கித் திறக்குற கதவு. எது நல்லதுன்னு நான் வீடியோ வீடியோவாப் பாத்துத் தள்ளினேன். ஒண்ணுல பின் சீட்டு மடங்கி நடு சீட்டுக்கு அடியில போயிரும். இன்னொண்ணுல மடங்கி ரெண்டு பக்கமும் மேல ஏறி நிக்கும். சாமான் ஏத்த எது வசதி, மேடு ஏற எது தேவலாம், ஸ்பேர் பார்ட் ஈப்போவுல கெடைக்குமான்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். படிக்கிற காலத்துல இப்படிப் படிச்சிருந்தா டாக்டராயிருப்பேன்.

சனிக்கிழமையானா ரிகோண்ட் கடை. நான் பேச வாயத் தொறக்கிறதுக்குள்ள அண்ணி சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நேராப் போயி கடைசி வரிசையில ஏறி ஒக்காந்துருவாங்க. முன்னாடி சீட்டத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. டயரு, மீட்டரு, பெட்டரி வாரண்டி ஒண்ணுமே கேக்க மாட்டாங்க.

"தம்பி, நீ நடு சீட்டுல இந்தப் பக்கம் ஒக்காரு. அந்த அண்ணன அந்தப் பக்கம் ஒக்காரச் சொல்லு."

அந்த அண்ணன்ங்கிறது சேல்ஸ்மேன். பாவம், டை கட்டின மனுஷன், வந்து ஒக்காந்தார்.

"ரெண்டு பேரும் எந்திரிக்கக் கூடாது"ன்னுட்டு அண்ணி பின்னாடியிருந்து வெளிய வரப் பாப்பாங்க. மொதல் கடையில பாத்த காடி ஆறு சீட்டு ஃப்ரீட். நடு வரிசையில ரெண்டு தனித்தனி சீட்டு, நடுவுல ஆள் நடக்கிற மாதிரி வழி. அண்ணி சுளுவா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து வந்து எறங்கிட்டாங்க. மூஞ்சி விழுந்து போச்சு.

"இது வேணாம்பா."

"ஏன் அக்கா?" சேல்ஸ்மேனுக்குப் புரியல. "இதுதான் வசதி. பின்னாடி ஒக்காந்தவங்க யாரையும் தொந்தரவு பண்ணாம எறங்கிப் போலாம்."

"அதான் வேணாங்கிறேன்."

அவர் என்னப் பாத்தார், நான் வானத்தப் பாத்தேன்.

இந்தக் கூத்து ஒரு கடையோட முடிஞ்சிருந்தா நான் ஏன் பொலம்புறேன்? ஈப்போவுல உள்ள ரிகோண்ட் கடையெல்லாம் ஏறி எறங்கினோம். எல்லாக் கடையிலயும் இதே பரீட்சை. நானும் யாராவது ஒரு சேல்ஸ்மேனும் நடுவுல பிள்ளையாராட்டம் ஒக்காந்திருப்போம், இவங்க பின்னாடி முட்டி மோதி எப்படியாச்சும் வெளிய வந்துருவாங்க, வேணாம்பாங்க. கடைசில ஒரு சியந்தாவுல, நடு வரிசை பெஞ்சு மாதிரி ஒரே நீளமா இருந்துச்சு. நடு சீட்ட மடக்கித் தூக்கினாத்தான் பின்னாடி ஆள் வர முடியும். சீட்டுல ஆள் ஒக்காந்திருந்தா எப்படி மடக்குறது? அண்ணி எங்க தோள்ல கை வச்சுத் தள்ளிப் பாத்தாங்க, கால நொழச்சுப் பாத்தாங்க, ம்ஹூம், வர முடியல. வேர்த்து வடியுது. ஆனா மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம்.

"தம்பி, இது நல்ல காடி."

"வெளியவே வர முடியலையே அண்ணி!"

"ஆமாப்பா."

சேல்ஸ்மேன் இத விட்டா இன்னொண்ணு அமையாதுன்னு முன் சீட்டுக்குப் போயி பட்டன அழுத்தி ஓடவிட்டார். ஒரு சத்தமும் இல்ல. "ஓடுதா?"ன்னாங்க அண்ணி. "ஓடுது அக்கா, ஹைபிரிட், இப்படித்தான், ஊசி விழுந்தாக் கேக்கும்"ன்னார். அப்ப திடீர்னு உள்ளேருந்து ஒரு பொம்பள ஜப்பான் பாஷையில என்னவோ சொல்லிச்சு. வழி காட்டுற மெஷினு, அத நிறுத்த இன்னும் ஆள் வரலன்னு சேல்ஸ்மேன் நெளியிறார். "இருக்கட்டும், காடியில யாராச்சும் பேசணும்ல"ன்னாங்க அண்ணி. அன்னிக்கே புக் பண்ணியாச்சு. நான் மனப்பாடம் பண்ணினதுல ஒரு வரிகூட யாருக்கும் தேவைப்படல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

காடி வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, பொட்டு வச்சு முடிச்சதும் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்துச்சு. பாகான் டத்தோ பக்கம் அப்பா வேலை செஞ்ச அதே தோட்டம். லயத்து வீட்டையெல்லாம் இடிச்சாச்சு, செம்பனை போட்டாச்சு, முனியாண்டி மட்டும் இருக்கார். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் போவோம், எங்க அண்ணனுங்க மட்டும் ஒருத்தர் போனப்புறம் ஒருத்தர்.

அன்னிக்கு விடியக்காலையில சின்னண்ணனும் சின்னண்ணியும் எங்க தாமான்ல வந்து டாக்சியில எறங்கினாங்க. அவங்க காடிக்கு ஏதோ கோளாறாம், சாவியே காணலியாம். சின்னண்ணி என்னப் பாக்காம சொன்னாங்க. பெரியண்ணன் அதுக்கு முன்னாடியே வேனுக்குள்ள ஏறி, கடைசி வரிசை மூலையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். அண்ணி அவர அங்க ஏத்தி வச்சிருந்தாங்க.

சின்னண்ணன் பாத்தார். மூஞ்சி கறுத்துப் போச்சு. "நான் முன்னாடி ஒக்காந்துக்கிறேன்"ன்னார்.

"முன்னாடி சாமி சாமான் இருக்கு கொழுந்தனாரே"ன்னாங்க அண்ணி. நெசமாவே இருந்துச்சு. மாலை, பழத்தட்டு, சுருட்டு, முனியாண்டிக்கு வேட்டி, எல்லாத்தையும் முன் சீட்டுல அடுக்கி பெல்ட்டும் போட்டு வச்சிருந்தாங்க. "சாமி சாமான் நமக்குப் பின்னாடி வரக்கூடாதுல்ல?"

சாமிய இழுத்தா யார் என்ன பேச முடியும்? அக்கம்பக்கம் வேற வாசல்ல நிக்குது. சின்னண்ணன் பல்லக் கடிச்சுக்கிட்டு பின்னாடி ஏறினார். ரெண்டு பேருமே நல்ல தாட்டியான ஆளுங்க. அந்தக் கடைசி சீட்டு ஸ்கூல் புள்ளைங்களுக்குத்தான் சரி. தோளும் தோளும் ஒட்டிக்கிச்சு, முட்டி நாடியில இடிக்குது. நடு வரிசையில ஒரு ஓரத்துல அண்ணி, மறு ஓரத்துல சின்னண்ணி, நடுவுல பொங்கப் பானை. நான் ஓட்டினேன். என் சம்சாரத்த அண்ணி ஏதோ சாக்குச் சொல்லி வீட்டுலயே நிப்பாட்டிட்டாங்க.

தெலுக் இந்தான் வழியா அவ்வளவு தூரம், ஒரு வார்த்தை இல்ல. பழைய டீசல் வேனா இருந்தா அந்தச் சத்தத்துல மறைஞ்சிருக்கும். இது சிக்னல்ல நின்னா மயான அமைதி. பெரியண்ணன் மூச்சு விடுறது கேக்குது. சின்னண்ணன் எச்சில் முழுங்குறது கேக்குது. ஜப்பான்காரி மட்டும் அப்பப்ப ஏதோ சொல்லிக்கிட்டு வந்தா. எனக்கு முதுகெல்லாம் வேர்த்துப் போச்சு, எயர்கோன் போட்டும்.

கோயில் வந்துச்சு. செம்பனை நெழல்ல நிப்பாட்டினேன். தூரத்துல மேளம் கேக்குது. கதவு ரெண்டும் தானா வழுக்கித் திறந்துச்சு.

அண்ணி எறங்கல. சின்னண்ணியும் எறங்கல.

"எறங்கு புள்ள"ன்னார் பெரியண்ணன்.

அண்ணி நேரா முன்னாடி பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அலமாரிக் கடையில ஒக்காந்திருந்த அதே தோரணை. எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சு. எத்தனை சனிக்கிழமை! எத்தனை கடை! அடப்பாவி மனுஷி!

"பூசைக்கு நேரமாகுது, எறங்குன்னு சொல்றேன்ல?"

"நான் என்னங்க பண்றது. நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. அப்புறம் எறங்குறேன்."

"என்ன வெளையாட்டு இது!" பெரியண்ணன் சீட்டத் தள்ளிப் பாத்தார். அசையல. சின்னண்ணன் அந்தப் பக்கம் தன் சம்சாரத்த, "ஏய், எந்திரி"ன்னார். சின்னண்ணி பாவம், பொங்கப் பானையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிட்டாங்க. "தம்பி, நீயாச்சும் சொல்லேன்டா"ன்னு ரெண்டு பேரும் எம்மேல பாய்ஞ்சாங்க. நான் சொன்னேன், கெஞ்சினேன், "அண்ணி, ஆளுங்க பாக்குறாங்க லா"ன்னேன். சுவத்துக்கிட்ட சொன்ன மாதிரிதான். கோயில்லேருந்து ஒருத்தர் வந்து எட்டிப் பாத்தார், "வாரோம் அண்ணே, கொஞ்சம் சாமான் எறக்கணும்"ன்னு சொல்லி அனுப்பினேன்.

நேரம் போச்சு. கதவு தொறந்து கெடக்கிறதால சூடு வேற ஏறுது. கடைசில பெரியண்ணன் வெறுத்துப் போயி, எதுத்தாப்புல பாத்துக்கிட்டே சொன்னார்.

"ஒங்க அண்ணி எந்திரிக்க மாட்டா. ஒனக்குத் தெரியாதா அவள?"

சின்னண்ணனும் எதுத்தாப்புல பாத்துக்கிட்டே, "தெரியாம என்ன. கட்டினவன் நீ, நீ சொல்லு"ன்னார்.

"நான் சொல்லித்தான் அவ கேட்டாளா, இத்தன வருஷத்துல?"

"அன்னிக்கு அவங்க சொன்னத நீ கேட்டியாண்ணே? அது நம்ம காடி இல்லன்னு சொன்னாங்கல்ல?"

போச்சுடா, திரும்ப ஆரம்பிச்சிருச்சுன்னு நான் ஸ்டியரிங்குல தலைய வச்சேன். பெரியண்ணன் குரலு வேற மாதிரி வந்துச்சு.

"ஏன்டா எனக்காகக் கொஞ்சம் நிக்கல?"

"நின்னேண்ணே."

"எங்க நின்ன? நான் வர்றப்ப பானைகூட இல்ல."

"நடுத் தண்ணியில நின்னேன். பாதியத்தான் கரைச்சேன். மீதிய ஒனக்குன்னு மடியிலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். படகுக்காரன் கத்துறான், திருப்புறேங்கிறான். நான் கரையவே பாத்துக்கிட்டு இருந்தேன். தம்பி மட்டும்தான் தெரிஞ்சான். நீ தெரியல. சேறு தட்ட ஆரம்பிச்சிருச்சுண்ணே. அப்புறந்தான்…" சின்னண்ணன் கை ரெண்டையும் கவுத்துக் காட்டினார்.

ஜெட்டியில நின்ன எனக்கே இது தெரியாது. படகு அங்க நிக்குறத பாத்தேன், ஏன் நிக்குதுன்னு தெரியல.

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"நீ எங்கண்ணே பேச விட்ட? முடிஞ்சிருச்சான்னு கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட."

பெரியண்ணன் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சார். தொடச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் அவர் அந்தத் துண்டத் தம்பி மடியில போட்டார். சின்னண்ணன் அதாலயே மூக்கச் சிந்தினார்.

"சரி, பேசியாச்சு"ன்னார் பெரியண்ணன். "இப்பவாச்சும் எந்திரி தாயே."

அண்ணி எந்திரிக்கல.

"அண்ணி!" நான் நெசமாவே கத்திட்டேன். "இன்னும் என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"இருப்பா"ன்னாங்க அண்ணி. குரலு கம்மியிருந்துச்சு, கன்னமெல்லாம் ஈரம். "எந்திரிக்கத்தான் பாக்குறேன். கால் ரெண்டும் மரத்துப் போச்சு."

"நல்லா வேணும் ஒனக்கு"ன்னார் பெரியண்ணன். "அந்தப் பக்கம் கை கொடுடா"ன்னார் தம்பிகிட்ட. ரெண்டு பேரும் பின்னாலேருந்து ஆளுக்கொரு அக்குள்ல கை கொடுத்து, "பாத்துண்ணே, மெதுவா", "நீ தூக்குடா மொதல்ல"ன்னு ஒருத்தர ஒருத்தர் வஞ்சுக்கிட்டே அண்ணியத் தூக்கி விட்டாங்க.